அன்னதானம் அணைத்த அடுப்பு

புதிதாகச் சமையற்கூடத்து வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டிருக்கும் உங்களில் யாராவது என்னைப் பார்க்க வந்தால், தவறாமல் ஒரு கேள்வி கேட்பீர்கள். "மாஸ்டர், மொத சம்பளம் வாங்குனதும் ஏழைங்களுக்கு ஏதாச்சும் பண்ணணும்னு இருக்கேன். அன்னதானம் பண்ணட்டுங்களா?" கேட்கும்போதே முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். வந்த பிள்ளை மிரண்டுபோய், காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடும். அதனால் இந்தத் தடவை எழுதியே வைத்துவிடுகிறேன்.

அந்தக் கோபம் உங்கள்மேல் இல்லை. அன்னதானம் என்ற பெயரில் இந்த ஊரில் நடக்கிற கூத்தைப் பார்த்துப் பார்த்து வந்த கோபம். பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் நடந்து பாருங்கள். பத்தடிக்கு ஒருவர் தொன்னையை நீட்டுவார். ஏற்கெனவே பொங்கலும் புளியோதரையும் வாங்கித் தின்று, வயிறு முட்ட நடக்கிறவர் கையில் இன்னொன்றைத் திணிப்பார்கள். அவரும் மறுக்கத் தெரியாமல் வாங்கி, இரண்டு வாய் தின்று, ஓரமாக வைத்துவிட்டுப் போவார். விடிந்ததும் துப்புரவுக்காரர்கள் அதை வாரிக் கொட்டுவார்கள். சாமி பெயரைச் சொல்லி நடப்பவருக்குச் சோறு போடுவது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். பசித்தவன் எங்கே இருக்கிறான் என்று தேடிப் போக நமக்குச் சோம்பல். அதுதான் என் எரிச்சல்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்ட வீட்டுப் பெண் நான். கேட்டரிங் படித்தேன், வளைகுடாவுக்குப் போனேன். ஒரு பெரிய ஓட்டல் சமையற்கூடத்தில் வெங்காயம் உரிக்க ஆரம்பித்து, அதே சமையற்கூடத்துக்குத் தலைமை மாஸ்டராகி ஓய்வு பெற்றேன். "பொம்பளையை எப்படிங்க மாஸ்டர்னு கூப்பிடறது?" என்று நெளிந்தவர்கள் எல்லாரும் கடைசியில் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். சம்பாதித்ததில் வேங்கிக்காலில் ஒரு வீடு கட்டி உட்கார்ந்திருக்கிறேன்.

வளைகுடாவில் நான் முதலில் தங்கியது, அடுக்குக் கட்டில் போட்ட அறை. ஒருத்தி வேலைக்குக் கிளம்பினால் அந்தச் சூட்டிலேயே இன்னொருத்தி வந்து படுப்பாள். எங்கள் எல்லாருக்கும் அங்கே ஒரே பெயர், மதராசி. ஊர் என்ன, பேச்சு என்ன, எதைத் தின்று வளர்ந்தவள் என்று ஒருவரும் கேட்டதில்லை. வேங்கிக்காலில் என் தெருக் கோடியில் நாலு மாடி அடுக்ககம் எழும்ப ஆரம்பித்தபோது, தகரக் கொட்டகையில் வந்து இறங்கிய ஒடிசா ஆட்களைப் பார்த்தேன். நம்மவர்கள் அவர்களுக்கு வைத்திருந்த பெயர் 'இந்திக்காரன்'. எனக்குச் சுருக்கென்றது. பிழைக்க வந்த இடத்தில் என்னவாக இருந்தேனோ, அதையே இவர்களிடம் பார்த்தேன். கையில் தொழில் இருக்கிறது, வீட்டுக்குப் பின்னால் பெரிய அடுப்பு இருக்கிறது. தினமும் மத்தியானச் சாப்பாடு போடுவதென்று முடிவு செய்தேன். சாமான் வண்டி ஓட்டும் பாஷா எனக்கு இருபது வருடப் பழக்கம். பாத்திரம் ஏற்றிக்கொண்டு போக அவன் சம்மதித்தான்.

அந்தக் கட்டடத்தின் பில்டரைப் பார்த்து அனுமதி கேட்டேன். மனுஷர் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "கும்பிடப் போன சாமி குறுக்க வந்தாப்ல இருக்குது மேடம். தாராளமா போடுங்க." எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் என்ன சமைத்தேன் தெரியுமா? பட்டர் நானும் பன்னீர் பட்டர் மசாலாவும். வடக்கத்தி ஆட்கள் ஆயிற்றே! தந்தூர் அடுப்பை மூட்டி, வேர்த்து விறுவிறுத்து, ஒவ்வொரு நானிலும் வெண்ணெய் தடவி எடுத்துக்கொண்டு போனேன். வாங்கினவர்கள் தட்டைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். மரியாதைக்காகப் பிய்த்து வாயில் வைத்தார்கள். கொட்டகை ஓரத்தில் நின்றிருந்த ஒரு பெண் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாம்மா சிரிப்பு?" என்றேன்.

"அம்மா, இது ஓட்டல் சாப்பாடு. நாங்க கல்யாணத்துலகூடச் சாப்பிட்டதில்ல." பல வருடம் தமிழ்நாட்டுக் கட்டடங்களில் இருந்து பழகிய தமிழ் அவளுக்கு. "எங்களுக்குச் சோறு வேணும். பருப்பு. உருளைக்கிழங்கு வேகவெச்சுப் பிசைஞ்சு, பச்ச வெங்காயம், பச்ச மிளகா, கடுகெண்ணெ. அவ்ளோதான்."

மதராசி என்று கூப்பிட்டவனை வாழ்நாள் முழுக்கத் திட்டிய நான், இவர்களுக்குச் செய்ததும் அதேதான். ஆளைக் கேட்காமல் அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். அந்தப் பாடத்தை நான் சிரிப்போடு கற்றேன். அடுத்த பாடம் சிரிக்கிற மாதிரி இல்லை.

அந்தப் பெண்ணின் பெயர் குந்தலா. கம்பி கட்டுகிற ஒருவனின் மனைவி. அந்தக் கட்டடத்து மெஸ்ஸில் சமைப்பது அவள்தான். இது உங்களுக்குத் தெரிந்திருக்காது, எனக்கே அப்போது அரைகுறையாகத்தான் தெரியும். வெளிமாநிலத்திலிருந்து ஒரு கூட்டமாக வேலைக்கு வருகிறவர்களுக்கு, வேலை கொடுக்கிறவன் கொட்டகையும் அரிசி பருப்பும் விறகும் தரவேண்டும் என்பது பேச்சு. அந்தக் கூட்டத்திலேயே ஒரு பெண்ணைச் சமைக்க வைப்பார்கள். அவளுக்கும் மற்றவர்களைப் போலவே கூலி உண்டு. காலையில் ஒரு தடவை, மத்தியானம், ராத்திரி என்று மூன்று வேளையும் அவள் அடுப்புதான்.

குந்தலா அப்போது கர்ப்பமாக இருந்தாள். முந்தைய தடவை பெங்களூரில் செங்கல் சுமந்து, வயிற்றில் இருந்தது தங்காமல் போனதாம். இந்தத் தடவையும் ஆபத்துதான், கனம் தூக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "மேஸ்திரி நல்லவரு. அடுப்பு குடுத்தாரு. உக்காந்து சமைக்கலாம்" என்று சொல்லி வயிற்றைத் தடவிக்கொண்டாள். "இனிமே மத்தியானச் சமையலும் உனக்கு மிச்சம்" என்றேன். அவளும் தலையாட்டினாள்.

அப்புறம் சோறும் பருப்பும் பிசைந்த உருளைக்கிழங்குமாக வண்டி தினமும் போனது. முழங்கால் வலி என்று நான் போவதை நிறுத்திக்கொண்டேன். பாஷா கொண்டுபோய் கேட்டில் இறக்குவான். மேஸ்திரி உள்ளே எடுத்துக்கொள்வார். காலிப் பாத்திரம் திரும்பி வரும். துடைத்து வைத்த மாதிரி காலியாக வரும் பாத்திரத்தைப் பார்த்து எனக்கு ஒரே பெருமை. நம் தொழிலில் இருக்கிற கெட்ட பழக்கம் இது. பாத்திரம் காலியானால் போதும், வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வோம்.

ஒரு நாள் பில்டர் போன் செய்தார். "மேடம், வெள்ளிக்கிழம மூணாவது மாடிக்குத் தளம் போடறோம். அன்னிக்கு உங்க சாப்பாட்டைக் கொஞ்சம் ஸ்பெஷலா பண்ணிடுங்க. பெரிய ஆளுங்க வர்றாங்க, பேப்பர்காரங்களும் வர்றாங்க."

தளம் போடுகிற நாள் என்றால் கட்டட வேலையில் அது ஒரு பண்டிகை. விடியும்போது பூசை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்துக் கலவை மெஷினை ஓட்டிவிட்டால், முடிகிற வரைக்கும் நிறுத்தக் கூடாது. நடுவில் விட்டால் அந்த இடத்தில் பின்னால் விரிசல் விடும், மழைத்தண்ணீர் இறங்கும். மூச்சு விடாமல் வேலை செய்கிற அந்த ஆட்களுக்கு அன்றைக்குக் கட்டுகிறவன் விருந்து போட வேண்டும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். கூரையைப் பிரித்துவிட்டு தளம் போட்ட வீடு கட்டுகிற ஏழைகூடக் கடன் வாங்கியாவது கோழி அடித்துப் போடுவான். நாலு மாடி கட்டுகிற இவருக்கு அந்த விருந்தையும் நான் போட வேண்டுமாம். போனிலேயே எனக்கு முகம் சுருங்கிவிட்டது. சரி, தின்னப் போவது அந்தப் பிள்ளைகள்தானே என்று கோழிக்குழம்பும் சோறும் சேமியாப் பாயசமும் செய்துகொண்டு, முழங்காலில் தைலம் தடவிக்கொண்டு நானும் வண்டியில் ஏறினேன்.

வாசலிலேயே பெரிய பேனர். 'உழைக்கும் கரங்களுக்கு அன்னம் வழங்கும் வள்ளல்' என்று எழுதி, ஆள் உயரத்துக்கு பில்டரின் படம். கீழே ஒரு மூலையில், தபால்தலை அளவுக்கு என் படம். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அது நேரில் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். பாஷா பேனரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மாஸ்டர், வள்ளல் அரிசி களைஞ்சத நான் பாக்கவே இல்லியே" என்றான்.

சந்து குறுகல், பம்ப் லாரி நுழையாது. அதனால் கலவை மெஷினிலிருந்து மூன்றாவது மாடி வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்று இரும்புச் சட்டியைக் கை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கீழே பாதித் தூரம் பெண்கள் தலையில் சுமந்து பலகையில் ஏறிக் கொடுக்க வேண்டும். அந்த வரிசையில் ஒருத்தி, ஒரு கையால் தலைச் சட்டியையும் மறு கையால் அடிவயிற்றையும் பிடித்துக்கொண்டு ஏறினாள். குந்தலா.

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற மேஸ்திரியைப் பிடித்து உலுக்கினேன். "அவ சமைக்கிற பொண்ணாச்சே, ஏன்யா சட்டி தூக்கறா?"

மேஸ்திரி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "மெஸ்ஸைத்தான் மூடியாச்சே மாஸ்டர். நீங்கதான் சோறு கொண்டாறீங்களே, அப்புறம் இன்னாத்துக்கு மெஸ்ஸுன்னு மொதலாளி அரிசி பருப்பை நிறுத்திட்டாரு. சமைக்கிற ஆளுக்கும் வேலை இல்ல. சட்டி தூக்கினா கூலி, இல்லாட்டி ஊருக்குப் போன்னுட்டாரு."

"காலையில, ராத்திரியில இன்னா தின்றாங்க?"

"அவங்கவங்களே ஏதோ பொங்கிக்கிறாங்க. அலுப்பா இருந்தா பொரியும் டீயும். அப்படியே படுத்துக்கறாங்க."

கேட்டுக்கொண்டீர்களா? நான் ஒரு வேளை போட்டேன். அதைக் காட்டி அவன் இரண்டு வேளையைப் பிடுங்கினான். நான் போட்டதாக நினைத்த சோறு அந்தப் பிள்ளைகள் வயிற்றுக்குப் போகவில்லை, அவன் பைக்குப் போயிருக்கிறது. துடைத்து வைத்த மாதிரி பாத்திரம் காலியானது என் கைப்பக்குவத்தால் இல்லை. முந்தின ராத்திரியிலிருந்து அரைப்பட்டினி.

பில்டர் வெள்ளை வேட்டி சரசரக்க வந்தார். பின்னால் விருந்தாளிகள், ஒரு போட்டோக்காரர். "மேடம், கரண்டியைப் புடிச்சுகினு இப்படி நில்லுங்க. ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

"மொதல்ல அந்தப் பொண்ணைக் கீழ எறக்குங்க."

"எந்தப் பொண்ணு?"

"புள்ளத்தாச்சி சட்டி தூக்கறது கண்ணுக்குத் தெரியலையா? உங்க மெஸ்ஸுல சமைச்சுகினு இருந்தாளே, அவ."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அதெல்லாம் லேபர் மேட்டர் மேடம். சும்மா உக்கார வெச்சுக் கூலி குடுக்க முடியுங்களா? இப்ப நடுவுல ஆளை எடுத்தா லைன் அறுந்துடும். கான்கிரீட் எறுகிடும். முடியட்டும், பேசிக்கலாம்."

"ஒரு ஆளுதானே கம்மி? நீங்க போய் நில்லுங்க."

விருந்தாளிகளில் ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டு, உடனே இருமுவது போல் பாவனை செய்தார். பில்டரின் முகம் கறுத்தது. அதற்குள் பாஷா சட்டையைக் கழற்றி வண்டிமேல் போட்டுவிட்டான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நான் நிக்கறேன் மாஸ்டர். இந்தத் தோளு தூக்காத தேக்சாவா?" என்றபடி பலகையில் ஏறினான். பிரியாணி வேகும் பெரிய தேக்சாப் பாத்திரத்தைச் சுமந்தே பழகின உடம்பு. குந்தலாவின் தலையிலிருந்த சட்டியை வாங்கிக்கொண்டு, அவள் இடத்தில் நின்றான். வரிசை அறுபடவில்லை.

இறங்கி வந்தவளை வண்டி நிழலில் உட்கார வைத்தேன். "வலி இருக்கா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "அம்மா, நீ சோறு கொண்டு வந்த. என் அடுப்பு போயிடுச்சு." திட்டுகிற மாதிரி சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பிள்ளைகளே, நெருக்கடி என்றால் குழம்பு அடிப்பிடிப்பதும் விருந்தாளி கத்துவதும் என்று நினைக்கிறீர்கள். அதற்கெல்லாம் வழி உண்டு. அன்றைக்கு வண்டியில் சூடான சோறு இருந்தது, மேலே விடியலிலிருந்து ஒன்றும் தின்னாத ஆட்கள் இருந்தார்கள். போட்டால், அந்தப் பேனர் உண்மையாகிவிடும். போடாமல் வண்டியைத் திருப்பினால், காய்வது அவன் வயிறில்லை, இவர்கள் வயிறு. கோபம் தலைக்கு ஏறியிருந்தது. 'இதோ, உன் அன்னதானம்!' என்று தேக்சாவை அவன் வேட்டிமேல் கவிழ்த்துவிடலாம் போலக்கூட இருந்தது. ஆனால் அடுத்தவன்மேல் உள்ள கோபத்தைச் சோற்றில் காட்டக் கூடாது. இது எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அந்த ஆட்களின் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது.

பரிமாறினேன். நாலு நாலு பேராக வரிசையிலிருந்து இறங்கி வந்து, நின்றபடியே தின்றுவிட்டு ஏறினார்கள். போட்டோவுக்கு நிற்கவில்லை. பேப்பர்காரத் தம்பியைக் கூப்பிட்டு, "எழுதிக்கப்பா. இது அன்னதானம் இல்ல. தளம் போடற அன்னிக்கு மொதலாளி போட வேண்டிய சோறு. அதை நான் போடறேன்" என்றேன். அவரும் மும்முரமாக எழுதிக்கொண்டார். மறுநாள் பேப்பரில் வந்த படத்தில், நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், என் கரண்டியோடு பில்டர் சிரித்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும் முன் அவரிடம் போனேன். "நாளையிலேர்ந்து என் வண்டி வராது. அந்தக் கொட்டகையில அடுப்பு எரியணும். குந்தலாதான் சமைக்கணும். அவ தலையில இனி ஒரு சட்டி ஏறுச்சு, கலெக்டர் ஆபீஸு நமக்கு நடக்கற தூரம்தான்."

"சேவை பண்ண வந்தீங்க, சேவையைப் பண்ணிட்டுப் போங்க மேடம். மெஸ்ஸு வைக்கறதும் வைக்காததும் என் இஷ்டம்." பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "நாளைக்கு அவனுங்க பட்டினி கெடந்தா, அந்தப் பாவம் உங்களைத்தான் சேரும்."

பாவ புண்ணியத்தைப் பற்றி யார் பேசுகிறார்கள் பாருங்கள்! ஆனாலும் அந்தச் சொல் என்னைக் குத்தாமல் இல்லை. வண்டியில் ஏறும்போது இளவயது கொத்தனார் ஒருவன் ஓடி வந்தான். "அம்மா, நாளைக்கு ஏன் வராது? எங்க மேல கோவமா?" எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் விளக்கினேன். அவன் கேட்டுவிட்டு, "பெரிய ஆளுங்க சண்டை. நடுவுல எங்களுக்குச் சோறு இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். அவன் சொன்னதில் என்ன தப்பு?

மறுநாள் காலை பழக்கத்தில் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டேன். பற்ற வைத்து, நின்று, அணைத்தேன். வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் பேருக்குச் சமைத்திருக்கிறேன். பசிக்கிறவன் தெருக் கோடியில் இருக்கிறான் என்று தெரிந்தே சமைக்காமல் இருந்தது அப்போதுதான். மத்தியானம் நானும் சாப்பிடவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஆட்கள் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாஷா போன் செய்து, "மாஸ்டர், மனசு கேக்கல. அரை தேக்சா மட்டும்?" என்றான். அவனையும் அதட்டினேன். அதட்டிவிட்டு அழுதேன்.

அதற்கு மறுநாள் அவர்கள் சாரத்தில் ஏறவில்லை. முதல் மாடியில் வீடு வாங்கியவர்கள் பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டார்கள், பூச்சு வேலை பாக்கி. ஆட்கள் பூசுகிற கரணையைக் கீழே வைத்துவிட்டு மணல்மேட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். சோறு இல்லாமல் ஏற மாட்டோம் என்று முதலில் சொன்னது, என்மேல் கோபப்பட்ட அந்த இளவயதுக் கொத்தனார்தானாம். மேஸ்திரி எனக்குப் போன் செய்து, "நீங்களாச்சும் வந்து சொல்லுங்க மாஸ்டர், ஒருத்தனும் எழுந்திருக்க மாட்டேங்கறான்" என்றார். "மூட்டை அரிசி வந்தா எழுந்திருப்பாங்க. யார்கிட்ட கேக்கணுமோ அவர்கிட்ட கேளுய்யா" என்று வைத்துவிட்டேன். இந்தப் பக்கம் நானும் சமைக்கவில்லை, அந்தப் பக்கம் அவர்களும் ஏறவில்லை. மொத்தத்தில் பில்டருக்கு மட்டும்தான் போக்கிடம் இல்லை.

சாயங்காலம் அரிசி மூட்டை வந்து இறங்கியதை என் வாசலிலிருந்தே பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் தகரக் கொட்டகைமேல் புகை எழும்பியது. பில்டர் தோற்றுப்போனார் என்றா நினைக்கிறீர்கள்? அடுத்த வாரமே கொட்டகை வாசலில் புதுப் பலகை மாட்டிவிட்டார். அவருடைய அப்பா பெயரில் 'அன்னக்கூடம்' என்று. தன்னிடம் வேலை செய்கிறவனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, அதற்கும் தானம் என்று பெயர் வைத்துக்கொள்கிற தைரியத்தை என்னவென்று சொல்வது! எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அந்தப் பலகையைப் பிடுங்கி எறிய வேண்டும் என்றுதான் அன்றைக்குக் கிளம்பினேன்.

வெறுங்கையோடு போகவும் மனசு வரவில்லை. அந்தப் பிள்ளைகளை இரண்டு நாள் காயப்போட்டது உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு தேக்சா நிறைய சோறும் கோழிக்குழம்பும் செய்து, பாஷாவோடு வண்டியில் வைத்துக்கொண்டு போனேன்.

கொட்டகைக்குள் குந்தலா முக்காலி போட்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வயிறு நன்றாக முன்னுக்கு வந்திருந்தது. பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகமெல்லாம் சிரிப்பு. பிடுங்க வந்த பலகை எனக்கு மறந்தே போனது. உட்காரச் சொன்னாள். தட்டில் சோறும் பருப்பும் பிசைந்த கிழங்கும் வைத்து, மேலே கடுகெண்ணெய் ஊற்றிக் கையில் கொடுத்தாள். நான் செய்ததைவிட நன்றாக இருந்தது. சொன்னேன், வெட்கப்பட்டாள்.

அப்போது பாஷா தேக்சாவை இறக்கிக் கொட்டகை வாசலில் வைத்தான். அதைப் பார்த்த குந்தலாவுக்குச் சிரிப்பு போய்விட்டது. முக்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாசலுக்கு வந்து, ரோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"அம்மா, இதை எடுத்துட்டுப் போ" என்றாள். "சீக்கிரம் எடு. மொதலாளி பாத்தா மறுபடியும் என் அடுப்பை அணைச்சிடுவான்."

பாஷா என்னைப் பார்த்தான். நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தேன். இரண்டு பேருமாகத் தேக்சாவைத் தூக்கித் திரும்ப வண்டியில் ஏற்றினோம். அவள் கடைசிவரை ரோட்டைப் பார்த்தபடியேதான் நின்றிருந்தாள்.

"எங்க மாஸ்டர் போறது?" என்றான் பாஷா.

"ரயில் ஸ்டேஷனுக்கு விடு. வேலை தேடி வர்றவங்க மூட்டை முடிச்சோட இப்பதான் எறங்கியிருப்பாங்க. அவங்களுக்கு இன்னும் அடுப்பு கெடையாது."